14 அணிக்கு ஆடியவர் ஒட்டாதவரா? எட்வின் ஜாக்சன் பற்றி ஒரு நீண்ட இழை

ஒரு வாசகர் கேட்டது: நேற்று ரிச் ஹில் கான்சஸ் சிட்டிக்காகப் பந்து வீசி, 14 அணிகளுக்கு ஆடிய எட்வின் ஜாக்சனின் பேஸ்பால் சாதனையைச் சமன் செய்துவிட்டார் என்று ஒரே கொண்டாட்டம். எனக்குப் புரியவில்லை. 14 அணிக்கு ஆடினார் என்றால், 13 அணி அவரை வேண்டாம் என்று தள்ளியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? எந்த வேலையிலும் ஒட்டாத ஆளுக்கு எதற்குச் சாதனைப் பட்டம்?

23 ஜூலை 2025

கணக்கைத் தலைகீழாகப் போடுகிறீர்கள். 14 அணி அவரை வா என்று கூப்பிட்டிருக்கிறது. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் இருப்பதே 30 அணி. கிட்டத்தட்ட பாதிப்பேர் கேட்டு வாங்கிய ஆளை ஒட்டாதவர் என்றால் எப்படி?

ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன், தப்பினால் பிறகு திருத்துகிறேன்: லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், டாம்பா பே, டெட்ராய்ட், அரிசோனா, சிகாகோ ஒயிட் சாக்ஸ், டொரான்டோ, செயின்ட் லூயிஸ், வாஷிங்டன், சிகாகோ கப்ஸ், அட்லாண்டா, மயாமி, சான் டியேகோ, பால்டிமோர், ஓக்லண்ட். சரி, 14 வந்துவிட்டது.

2003 முதல் 2019 வரை 17 சீசன். 107 வெற்றி, 133 தோல்வி, 1,508 ஸ்ட்ரைக் அவுட் (மட்டையாளரை அடிக்கவிடாமலே வெளியேற்றியது). ஈ.ஆர்.ஏ. 4.78. கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்காக: ஒன்பது இன்னிங்ஸ், அதாவது ஒரு முழு ஆட்டம் வீசினால் பிட்சர் (பந்து வீசுகிறவர்) தலையில் எத்தனை ரன் விழுகிறது என்பதுதான் அந்த எண். குறைந்தால் நல்லது. மூன்றுக்குக் கீழே என்றால் ராஜா. நாலு, நாலேகால் என்றால் சராசரி. 4.78 என்றால் தரத்தில் அதற்கும் கொஞ்சம் கீழே, ஆனால் வீட்டுக்கு அனுப்புகிற அளவுக்கு இல்லை. அந்தக் 'கொஞ்சம்' என்கிற திண்ணையில்தான் மனிதர் 17 வருடம் குடித்தனம் நடத்தினார்.

23 ஜூலை, நள்ளிரவு

திருத்தம். படுத்த பிறகு ஞாபகம் வந்தது, எழுந்து வந்து எழுதுகிறேன். டொரான்டோவைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டேன்.

2011 ஜூலை 27 அன்று ஒயிட் சாக்ஸ் அவரை டொரான்டோவுக்குக் கொடுத்தது. அதே நாளில் டொரான்டோ அவரை செயின்ட் லூயிஸுக்குக் கை மாற்றிவிட்டது. சில மணி நேரம்தான் அவர் டொரான்டோக்காரர். அந்தச் சட்டையைப் போடவில்லை, அந்த அணிக்காக ஒரு பந்துகூடத் தொடவில்லை. களத்தில் இறங்கினால்தான் கணக்கில் சேரும், ஆகவே அன்றைய டொரான்டோ சேராது.

பிறகு எப்படி 14 வந்தது? 2019 மே மாதம் ஓக்லண்ட் அவரைக் காசுக்கு விற்றது. வாங்கியது அதே டொரான்டோ. மே 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அவரை இறக்கினார்கள். அன்றைக்குத்தான் சாதனை. எட்டு வருடம் முன்பு வாசலோடு அனுப்பிவிட்ட வீடு, கூப்பிட்டு இலை போட்டது.

ஆக என் பட்டியலில் பெயர்கள் சரி, டொரான்டோ மட்டும் கடைசியில் வரவேண்டும்.

24 ஜூலை

அந்த 2011 ட்ரேடில் (அணிகள் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது) இன்னொரு ருசி இருக்கிறது. ஜாக்சனுக்கு முன்பு 13 அணி என்ற சாதனையை வைத்திருந்தவர் ஒக்டாவியோ டோடெல், டொமினிகன் குடியரசின் பிட்சர். ஜாக்சனை டொரான்டோ செயின்ட் லூயிஸுக்குத் தள்ளிவிட்டபோது அதே பொட்டலத்தில் டோடெலையும் சேர்த்துக் கட்டி அனுப்பியது. சாதனையை அப்போது எட்டிக்கொண்டிருந்தவரும், பின்னால் அதை உடைக்கப் போகிறவரும் ஒரே நாளில், ஒரே காகிதத்தில், ஒரே ஊருக்கு விலாசம் எழுதப்பட்டுப் போனார்கள். அந்த அக்டோபரில் இருவரும் சேர்ந்து உலகத் தொடரையும், அதாவது லீகின் கோப்பையையும், வென்றார்கள். டோடெல் 2012-இல் டெட்ராய்ட் போய் 13 என்று முடித்தார்.

டோடெல் இப்போது இல்லை. இந்த ஏப்ரலில் சான்டோ டொமிங்கோவில் ஒரு இரவு விடுதியின் கூரை இடிந்து விழுந்ததில் இறந்தவர்களில் அவரும் ஒருவர். சாதனைப் பட்டியலில் அவர் பெயரைத் தட்டும்போது விரல் கொஞ்சம் நின்றது.

25 ஜூலை, காலை

'நாடோடி' என்று ஒருவர் எழுதியிருக்கிறார், 'ஓடுகாலி' என்று இன்னொருவர். ஓடுகாலி என்றால் தானாக ஓடியவன். இவர் எங்கும் ஓடவில்லை, ஏற்றி அனுப்பப்பட்டவர்.

அமெரிக்காவில் இவர்களை ஜர்னிமேன் என்பார்கள். பயணம் செய்கிறவன் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அது இல்லை. அந்தச் சொல்லின் வேர் பிரெஞ்சில் 'நாள்'. நாள்கூலிக்கு வேலை செய்கிற கைத்தொழில்காரன். தொழில் பழகி முடித்துவிட்டான், எடுபிடி இல்லை. ஆனால் சொந்தமாகப் பட்டறை வைக்கிற ஆசானும் இல்லை. நம் ஊர்க் கட்டட வேலையில் சித்தாள், கொத்தனார், மேஸ்திரி என்று மூன்று படி உண்டே, அதில் நடுப்படி. கொத்தனாருக்குச் சுவர் எழுப்பத் தெரியும், ரசமட்டம் பிடிக்கத் தெரியும், பூசத் தெரியும். வீடு யார் பெயரில் என்பதுதான் அவர் கையில் இல்லை.

எட்வின் ஜாக்சன் ஒரு கொத்தனார். இனி இந்த இழையில் அப்படியே சொல்லப் போகிறேன்.

25 ஜூலை, மாலை

கொத்தனார் 1983-இல் பிறந்தது மேற்கு ஜெர்மனியில், நொய்-உல்ம் என்கிற ஊரில். அப்பா அமெரிக்க ராணுவத்தில். வளர்ந்தது ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸில். பள்ளியில் அவுட்ஃபீல்டர், அதாவது எல்லைப் பக்கம் நிற்கிற பீல்டர், நல்ல கை பலம். 2001-இல் டாட்ஜர்ஸ் ஆறாவது சுற்றில் எடுத்து, 'நீ பந்து வீசு' என்று மாற்றிவிட்டது. பிறக்கும்போதே நாடோடி ஜாதகம் என்று கதை கட்டலாம், நான் கட்டவில்லை. ராணுவப் பிள்ளைகள் லட்சம் பேர் இருக்கிறார்கள், அவர்களில் வேறு யாரும் 14 அணிக்கு ஆடவில்லை.

26 ஜூலை

இதை எழுதாமல் இந்த இழை நகராது. 2010 ஜூன் 25. அரிசோனா அணி டாம்பா பே ஊருக்குப் போயிருக்கிறது. ஜாக்சன் வீசுகிறார், தன் பழைய அணிக்கு எதிராக.

முதலில் ஒரு விளக்கம். 'வாக்' என்றால் நான்கு பந்து எல்லைக்கு வெளியே போட்டுவிட்டால் எதிராளி மட்டையை வைத்துவிட்டு நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். நம் வைடு போல, ஆனால் நாலு சேர்ந்தால்தான் தண்டனை. 'நோ-ஹிட்டர்' என்றால் ஒன்பது இன்னிங்ஸிலும் எதிரணி ஒரு நல்ல அடிகூட அடிக்கவில்லை என்று பொருள். வாக் போகலாம், அது ஹிட் கணக்கில் வராது. ஒரு பிட்சர் வாழ்நாளில் ஒன்று போட்டால் பேரனுக்குச் சொல்லலாம்.

அன்று கொத்தனார் முதல் மூன்று இன்னிங்ஸிலேயே ஏழு வாக் கொடுத்தார். மூன்றாவது இன்னிங்ஸில் ஒரு அவுட்கூட எடுக்காமல் மூன்று பேஸிலும் ஆளை ஏற்றிவிட்டார். ஸ்கோர் 1-0, அரிசோனாவின் ஆடம் லாரோச் அடித்த ஒற்றை ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி). ஒரு அடி விழுந்தால் ஆட்டமே போச்சு. விழவில்லை. மூவரையும் அங்கேயே நிற்கவைத்துவிட்டு இன்னிங்ஸை முடித்தார். அதற்குப் பிறகு ஆறு இன்னிங்ஸில் ஒரே ஒரு வாக். ஏதோ சாவி திரும்பிவிட்டது.

பிட்ச் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. (பிட்ச் என்றால் நமக்குத் தரை, அவர்களுக்குப் பந்து. இந்தக் குழப்பம் தீர எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.) இந்தக் காலத்தில் நூறைத் தொட்டால் மேனேஜர் எழுந்துவிடுவார். அன்று 149. தோள் கழன்றுவிடும் என்று தெரிந்தும் ஒரு ஹிட்கூட விழாதபோது எப்படிக் கூப்பிடுவது? அரிசோனா மேனேஜர் ஏ.ஜே. ஹின்ச் விட்டுவிட்டார். எட்டு வாக், 149 பிட்ச், நோ-ஹிட்டர். இவ்வளவு அழுக்கான நோ-ஹிட்டரை நான் பார்த்ததில்லை, அதனால்தான் பிடித்திருக்கிறது. வேட்டி நுனியெல்லாம் சேறு, ஆனால் கரை ஏறிவிட்டார்.

அடுத்தது என்ன? ஒரு வாரத்துக்குள், ஜூலை 1 அன்று, ஹின்ச்சுக்கு வேலை போயிற்று. ஜூலை 30 அன்று ஜாக்சன் ஒயிட் சாக்ஸுக்கு ட்ரேட் ஆனார். நோ-ஹிட்டர் போட்ட நாளிலிருந்து 35 நாள். அதிலும் அவர் அந்த அணிக்கு வந்தே ஒரு வருடம் ஆகவில்லை.

26 ஜூலை, இன்னொன்று

மேலே எழுதியதில் ஆட்டம் நடந்த ட்ராபிகானா ஃபீல்டைச் சொல்ல மறந்தேன். மூடிய கூரை உள்ள மைதானம். போன அக்டோபரில் மில்டன் புயல் அந்தக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. இந்த சீசன் முழுக்க டாம்பா பே அணியே வேறு மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம்.

27 ஜூலை

கேள்வி கேட்ட வாசகர் திரும்பி வந்திருக்கிறார். "விற்றாலும் தள்ளினாலும் ஒன்றுதான், வைத்துக்கொள்ளவில்லை அல்லவா?" என்கிறார். சரி, ஒவ்வொரு வாசலாகப் பார்ப்போம், எப்படி வெளியேறினார் என்று. நானும் இதுவரை முழுசாக எண்ணியதில்லை.

டாட்ஜர்ஸ்: ட்ரேட். டாம்பா பே: ட்ரேட். டெட்ராய்ட்: ட்ரேட். அரிசோனா: ட்ரேட். ஒயிட் சாக்ஸ்: ட்ரேட். ஐந்து பேரும் இவரைக் கொடுத்து வேறு ஆளை வாங்கியிருக்கிறார்கள். அதாவது இவர் செல்லுபடியாகிற நோட்டு. செல்லாத நோட்டை யாராவது வாங்குவார்களா? டெட்ராய்ட்டில் 2009-இல் ஆல்-ஸ்டார் (வருடத்தின் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர்), 13 வெற்றி, ஈ.ஆர்.ஏ. 3.62. அந்த டிசம்பரிலேயே மூன்று அணிகள் சேர்ந்து போட்ட ட்ரேடில் அவர் அரிசோனா போனார். அரிசோனாவிலிருந்து டெட்ராய்ட் வந்தவர்களில் ஒருவர் மேக்ஸ் ஷெர்சர். அப்போது அவரும் ஒரு பையன். பிறகு வருடத்தின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை மூன்று தடவை வாங்கினார். ஜாக்சனைக் கொடுத்ததால் டெட்ராய்ட் நஷ்டப்படவில்லை, அது உண்மை. ஆனால் ஷெர்சரைக் கொடுத்தாவது ஜாக்சனை வாங்கலாம் என்று அன்று ஒரு அணி நினைத்ததும் உண்மை.

செயின்ட் லூயிஸ், வாஷிங்டன்: ஒப்பந்தம் முடிந்தது, மரியாதையாக வெளியே வந்தார். அட்லாண்டா, சான் டியேகோவும் அப்படித்தான். ஓக்லண்ட் காசுக்கு விற்றதை முன்பே சொன்னேன்.

இப்போது நிஜமாகத் தள்ளியவர்கள்: 2015-இல் கப்ஸ், 2016-இல் மயாமி, 2017-இல் பால்டிமோர், 2019-இல் டொரான்டோ. நாலு. 13 இல்லை, நாலு.

எண்ணி முடித்ததும் எனக்கே ஒன்று தெரிந்தது. 2015-க்கு முன்பு ஒருவர்கூடத் தள்ளவில்லை. அதற்குப் பிறகுதான் எல்லாத் தள்ளலும். இரண்டு வேறு ஆட்களின் வாழ்க்கையை ஒரே சட்டைக்குள் திணித்த மாதிரி இருக்கிறது. முன்பாதியில் இவர் விலை. பின்பாதியில் ஒட்டுத் துணி. முதல் நாள் நான் '14 அணி வேண்டும் என்றது' என்று வீராப்பாக எழுதினேனே, அது பின்பாதிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். பாதிதான்.

30 ஜூலை

ரிச் ஹில்லைக் கான்சஸ் சிட்டி கழற்றிவிட்டது. இரண்டே ஆட்டம். 45 வயது. 14 என்று போட்டதும் கடையைச் சாத்திவிட்டார்கள்.

'டெசிக்னேட்டட்' என்று செய்தியில் வருகிறதே, அது என்னவென்றால்: ஒரு அணியின் பட்டியலில் 40 பேருக்குத்தான் இடம். புதிதாக ஒருவரைச் சேர்க்க ஒருவரை எடுக்க வேண்டும். எடுத்தவருக்கு ஒரு வார கெடு. அதற்குள் வேறு அணிக்கு விற்கலாம், வேறு யாராவது அள்ளிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் விடுதலை. அந்த ஏழு நாள் ஆள் எங்கே இருப்பார்? பெட்டியைக் கட்டுவதா, அவிழ்ப்பதா? பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்திருந்தால் இன்னும் மோசம்.

ஹில் கதை வேறு ரகம். 2015-இல் லாங் ஐலண்டில் லீகுக்கு வெளியே உள்ள ஒரு அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர், அடுத்த வருட முடிவில் டாட்ஜர்ஸிடம் 48 மில்லியன் டாலர் ஒப்பந்தம் வாங்கினார். அவரைப் பற்றித் தனி இழை போடலாம். நான் போட மாட்டேன், இதுவே முடியக் காணோம்.

2 ஆகஸ்ட்

2018 கோடையில் நான் ஓக்லண்ட் பக்கம் வேலையில் இருந்தேன். அந்த வருடம் ஓக்லண்ட் அணிக்கு பிட்சர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் முழங்கை, தோள் என்று ஆஸ்பத்திரி வாசலில். ஆள் இல்லாத நேரத்தில் எடுத்தவர்தான் ஜாக்சன். அது அவருக்கு 13-வது அணி. முதல் ஆட்டம் ஜூன் 25, டெட்ராய்ட்டில். தேதியைப் பாருங்கள்: நோ-ஹிட்டர் போட்டு அன்றோடு சரியாக எட்டு வருடம்.

17 ஆட்டத்தில் முதல் பிட்சராக இறங்கினார், 6 வெற்றி, 3 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 3.33. வாஷிங்டன் தன் மைனர் லீகிலேயே (கீழ்மட்ட லீக்) வைத்திருந்த 34 வயதுக்காரர்! அந்த அணி 97 ஆட்டம் ஜெயித்தது.

ஒரு நாள் கொலிசியத்துக்குப் போனேன். ரயில் நிலையத்திலிருந்து ஒரு நீளமான நடைபாலம், பாலம் முழுக்கத் தொப்பி விற்பவர்கள், வெங்காயம் வதக்குகிற வாசனை. உள்ளே மேல் அடுக்கில் ஒரு பகுதிக்குத் தார்ப்பாய் போட்டு மூடியிருப்பார்கள், காலி நாற்காலி தெரியக்கூடாதாம். வலது பக்கம் ஒரு கூட்டம் விடாமல் டிரம் அடிக்கும். சீக்கிரமே போய் முன்வரிசைக்கு இறங்கிவிட்டேன், ஜாக்சன் தயாராகிக்கொண்டிருந்தார். எனக்கு ஞாபகம் இருப்பது அவர் வீச்சு இல்லை. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் காலால் மண்ணைச் சமன் செய்வார். நிதானமாக, வாசல் பெருக்குகிற மாதிரி. சின்னக் குழி, அதை மிதித்து மூடு, வீசு. மறுபடி குழி, மறுபடி மூடு. பக்கத்தில் ஒரு பெரியவர் தன் பேத்தியிடம் ஊர் ஊராக விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பத்தில் விரல் தீர்ந்துவிட்டது, பேத்தி தன் கையை நீட்டினாள்.

அந்த அணியும் இப்போது ஓக்லண்டில் இல்லை. பிலடெல்பியா, கான்சஸ் சிட்டி, ஓக்லண்ட், இந்த வருடம் சாக்ரமென்டோ, அடுத்து லாஸ் வேகாஸ் என்று பேச்சு. கொத்தனாரை விடுங்கள், இங்கே வீடே ஊர் மாறுகிறது.

3 ஆகஸ்ட்

ஒருவர் கேட்கிறார்: "டாம்பா பே முதலில் டெவில் ரேஸ், 2008-இல் ரேஸ். அப்படியானால் ஜாக்சன் 15 அணி இல்லையா?" இல்லை. பெயர்ப் பலகை மாற்றினால் புதுக் கடை ஆகாது. ஆனால் அந்த மாற்றத்தில் அவர் உள்ளே இருந்தார் என்பது சுவாரசியம்தான். 2007-இல் 5 வெற்றி, 15 தோல்வி. பெயர் மாற்றிய வருடம் 14 வெற்றி, அணி உலகத் தொடருக்கே போயிற்று. எண்கணித ஜோசியர்கள் இதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

9 ஆகஸ்ட்

"பாவம் அந்த மனிதர்" என்று இரண்டு பேர் எழுதியதால் இது. பாவம் எல்லாம் வேண்டாம். 2012-இல் வாஷிங்டன் ஒரு வருடத்துக்கு 11 மில்லியன் டாலர். 2013-இல் கப்ஸ் நாலு வருடத்துக்கு 52 மில்லியன். இந்த நாள்கூலி நமக்குக் கிடைத்தால் நாமும் 14 ஊர் போவோம்.

ஆனால் அந்த 52 மில்லியன்தான் அவர் பெயரைக் கெடுத்தது. முதல் வருடம் 8 வெற்றி, 18 தோல்வி. இரண்டாம் வருடம் 6-க்கு 15, ஈ.ஆர்.ஏ. 6.33. கொத்தனாருக்கு மேஸ்திரி சம்பளம் கொடுத்துவிட்டு மாளிகை எங்கே என்று கேட்டார்கள். அவர் எப்போதும் கட்டுகிற அதே சுவரைத்தான் கட்டினார். சரி, இரண்டாம் வருடம் அந்தச் சுவரும் சாய்ந்துவிட்டது, மறைக்கவில்லை.

கப்ஸ் விட்டபிறகு வந்த ஏற்பாடு வேடிக்கையானது. ரிலீஸ் செய்தாலும் சம்பளம் பழைய அணி தலையில்தான். புதிதாக எடுக்கிறவர் குறைந்தபட்சச் சம்பளம் மட்டும் கொடுத்தால் போதும். 2016-இல் மயாமியிலும் சான் டியேகோவிலும் அவர் வீசினார், காசின் பெரும்பகுதி கப்ஸ் கொடுத்தது. அந்த வருடம்தான் கப்ஸ் 108 வருடம் காத்திருந்த கோப்பையை வென்றது. தோரணம் கட்டிய கையோடு பழைய கொத்தனாருக்கும் கூலி போய்க்கொண்டிருந்தது.

10 ஆகஸ்ட்

என் கதை கொஞ்சம். இந்த ஆளிடம் எனக்கு ஏன் இவ்வளவு ஒட்டுதல் என்று ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்.

1995 முதல் 98 வரை கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் டென்னிஸ் பால் டோர்னமென்டுகளில் நான் வெளியூர் பவுலர். சுழற்கோப்பை, எண்ட்ரி பீஸ், அறுத்த வயலில் ஆட்டம். நாச்சியார்கோயில், ஆடுதுறை, வலங்கைமான், குடவாசல், சுவாமிமலை, திருப்பனந்தாள், அப்புறம் எங்கள் ஊர். மொத்தம் ஏழு. 'உள்ளூர்ப் பையன்கள் மட்டும்' என்று நோட்டீசில் போட்டிருக்கும். அதனால் ஸ்கோர் நோட்டில் என் பெயரை எழுத மாட்டார்கள், அந்த ஊரில் காய்ச்சலில் படுத்திருக்கும் ஏதோ ஒருவன் பெயரில் வீசுவேன். ஒருமுறை நாலு விக்கெட் எடுத்தேன். மைக்கில் வேறு பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள், ஒரு அம்மா கண் கலங்கிக் கைதட்டினார். அவருடைய மகன் வீட்டில் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தான்.

கூலி பஸ் காசு, புரோட்டா, ஜெயித்தால் ஐம்பது ரூபாய். ஒரு ஊர் எனக்கு இன்னும் 150 ரூபாய் பாக்கி. ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன், அங்கே பிறகு பெண் கொடுத்திருக்கிறோம்.

வீசத் தெரிந்தவன் என்று கூப்பிடுவார்கள், அணி போட்டோ எடுக்கும்போது 'நீ கொஞ்சம் தள்ளி நில்லு' என்பார்கள். அந்த 'தள்ளி நில்லு' தெரிந்தவனுக்குத்தான் ஜாக்சன் புரிவார் என்று எழுத வந்தேன். எழுதியதும் அபத்தமாகத் தெரிகிறது. மணிக்கு 95 மைலுக்கு மேல் வீசுகிறவரும் நானும் ஒன்றா? அழிக்கவில்லை, இருக்கட்டும்.

17 ஆகஸ்ட்

2011 உலகத் தொடர் பற்றிச் சொல்ல விட்டுப்போனது இரண்டு.

நாலாவது ஆட்டம் ஜாக்சன் தொடங்கினார். டெக்சஸிடம் 4-0 தோல்வி. ஏழு வாக் கொடுத்தார். நோ-ஹிட்டர் அன்று எட்டு, இங்கே ஏழு. வியாதி ஒன்றுதான். ஒரு நாள் காவியம், ஒரு நாள் கண்டனம். அந்த ஆட்டத்தில் அவர் ஒன்றும் அதிகம் மோசமாக வீசிவிடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, இந்த முறை யாரும் தப்பிக்க விடவில்லை, அவ்வளவே.

ஆறாவது ஆட்டம். பேஸ்பால் ரசிகர்கள் இன்றும் பேசுகிற ஆட்டம், தோல்வியின் விளிம்பிலிருந்து செயின்ட் லூயிஸ் இரண்டு தடவை மீண்டது. பத்தாவது இன்னிங்ஸ், மேனேஜர் டோனி லா ருசாவிடம் மட்டை பிடிக்க ஆளே மிச்சமில்லை. பிட்சரான ஜாக்சனை மாற்று ஆட்டக்காரராக அனுப்பினார். பெயர் அறிவித்தாகிவிட்டது. உடனே மனதை மாற்றி, அவருக்கு மாற்றாக இன்னொரு பிட்சர் கைல் லோஷை அனுப்பினார், பந்தை மெல்லத் தட்டி ஆளை நகர்த்த. அது பலித்தது. ஸ்கோர் அட்டையில் இன்றும் ஜாக்சன் பெயர் இருக்கிறது, ஒரு பந்தைக்கூடப் பார்க்காத மட்டையாளராக.

அந்த வருடம் ஜூலையில் ஒரு அணியில் பெயர் மட்டும், அக்டோபரில் ஒரு ஆட்டத்தில் பெயர் மட்டும். ஆனால் கோப்பை வென்றதற்குக் கிடைத்த மோதிரம் நிஜம். அடுத்த வருடம் வாஷிங்டன் சட்டையில் இதே செயின்ட் லூயிஸுக்கு எதிராக பிளேஆஃப் ஆட்டம் தொடங்கி 8-0 என்று தோற்றார்.

9 செப்டம்பர்

இன்று கொத்தனாருக்கு 42.

2003-இல் இதே தேதியில், தன் இருபதாவது பிறந்தநாளில், டாட்ஜர்ஸுக்காக முதல் ஆட்டம் வீசினார். எதிரே அரிசோனாவின் ராண்டி ஜான்சன், ஆறடி பத்தங்குலம், ஐந்து சை யங் விருது. ஜான்சனுக்கு மறுநாள் நாற்பது பிறக்கிறது. பையன் ஆறு இன்னிங்ஸ் வீசி ஒரே ரன் கொடுத்தான், ஆட்டத்தையும் ஜெயித்தான். அன்றைக்கு லாஸ் ஏஞ்சலஸில் இவனைப் பற்றி என்னவெல்லாம் ஜோசியம் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். 133 தோல்வி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 17 வருடம் என்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கடைசி மேஜர் லீக் சீசனில் டொரான்டோ விட்டபிறகு டெட்ராய்ட் திரும்பி எடுத்தது, ஆல்-ஸ்டார் ஆன அதே டெட்ராய்ட். ஈ.ஆர்.ஏ. இரண்டு ஊரிலும் பார்க்கச் சகிக்காது, எழுதவில்லை. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் இருந்து வெள்ளி வாங்கினார். 2022 செப்டம்பரில் ஓய்வு என்று அறிவித்தார்.

14 செப்டம்பர்

திருத்தம், என் கணக்கில். ஏழு ஊர் என்று எழுதியிருந்தேன். தம்பி படித்துவிட்டு ஊரிலிருந்து போன் செய்தான். "அண்ணே, எட்டு. பாபநாசத்தை விட்டுட்டியே" என்றான்.

பாபநாசம் எனக்கு ஞாபகமே இல்லை. அவன்தான் சொன்னான்: சைக்கிளில் இரண்டு பேரும் போனோமாம், டாஸ் போட்டார்களாம், மழை பிடித்துக்கொண்டதாம், ஒரு பந்தும் விழவில்லையாம். பந்தலுக்குள் நின்று சுண்டல் தின்றுவிட்டுத் திரும்பினோமாம்.

"சட்டை கொடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"கொடுத்தாங்க. நனையுதுன்னு உடனே கழட்டி வாங்கிட்டாங்க."

அப்படியானால் ஏழுதான்.